இருட்டுல குளோரோபிளாஸ்ட் ஏடிபி பண்ணுமா, பண்ணாதா?

காவேரிப்பட்டணம் வாசகி | ஜனவரி 6, இரவு 9.20

என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. டெஸ்ட்ல "வெளிச்சம் இல்லாம குளோரோபிளாஸ்ட்டால ஏடிபி உண்டாக்க முடியும், சரியா தவறா"ன்னு ஒரு கேள்வி. இவ சரின்னு போட்டிருக்கா, தப்புன்னு அடிச்சி கொடுத்துட்டாங்க. எங்கயோ படிச்சேன்மான்னு சொல்றா, எங்கன்னு ஞாபகம் இல்லயாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 6, இரவு 10.05

பாப்பா போட்டது சரி. குளோரோபிளாஸ்ட்னா இலைக்குள்ள வெளிச்சத்த வச்சி உணவு தயாரிக்கற பச்சை உறுப்பு, ஏடிபின்னா செல்லு தன் வேலைக்கு செலவு பண்ற ஆற்றல் மூலக்கூறு. அவ எங்கயோ படிச்சது 1966ல ஜேகன்டார்ஃப், யூரிபேன்னு ரெண்டு பேர் பண்ண சோதனையா தான் இருக்கும். பசலைக்கீரை இலையில இருந்து குளோரோபிளாஸ்ட்ட பிரிச்சி எடுத்து, அதுக்குள்ள இருக்கற தைலகாய்டு சவ்வுங்கள பிஎச் 4ல இருக்கற அமிலத்துல கொஞ்ச நேரம் ஊற வச்சாங்க, நம்ம வீட்ல கொழம்புக்கு புளி ஊற வைக்கற மாதிரி, ஆனா எல்லாம் இருட்டுலயே. அமிலம் உள்ள வரைக்கும் ஊறினதும் சட்டுனு பிஎச் 8 இருக்கற கரைசலுக்கு மாத்தி, கூடவே ஏடிபி செய்ய வேண்டிய சரக்கு, டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் போட்டாங்க. ஏடிபி வந்துச்சி. ஒரு பொட்டு வெளிச்சம் படல.

இது ஏன் முக்கியம்னா, ஏடிபி செய்யற மிஷினுக்கு வெளிச்சம்னா என்னன்னே தெரியாது. அதுக்கு தெரிஞ்சதெல்லாம் உள்ள புரோட்டான் நெறைய, வெளிய கம்மி, அவ்ளோதான். புரோட்டான்னா அமிலத்துல நெறைய இருக்கற ஹைட்ரஜன் அயனி, பிஎச் குறைய குறைய அது கூடும். அந்த வித்தியாசத்த வெளிச்சம் உண்டாக்குச்சா, ஊற வச்ச அமிலம் உண்டாக்குச்சான்னு அது பார்க்கறதில்ல. இருபத்திரண்டு வருஷம் தாவரவியல் நடத்தினவன் நான், இப்ப மாங்காயும் தக்காளியும் தான் பார்த்துகினு இருக்கேன், ஆனா இந்த ஒரு விஷயத்த சொல்லும்போது இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். தங்கச்சி, பாப்பாவ சாப்பிட சொல்லு முதல்ல.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 6, இரவு 10.50

அப்ப வெளிச்சத்துக்கு என்ன வேலைன்னு கீழ ஒரு தம்பி கேட்டிருக்கார். பம்பு அடிக்கற வேலை.

தைலகாய்டுன்றது காத்து போன பலூன அமுக்கி தட்டையாக்கி அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், உள்ள இருக்கற இடம் லூமன், வெளிய ஸ்ட்ரோமா. அந்த சவ்வுல வெளிச்சத்த புடிக்கற ஒளி அமைப்பு ரெண்டு உக்காந்திருக்கு. முதல்ல வேல செய்யறதுக்கு பேரு "இரண்டு", அடுத்ததுக்கு பேரு "ஒண்ணு", கண்டுபிடிச்ச வரிசையில பேர் வச்சதால வந்த கொழப்பம், பசங்க வருஷா வருஷம் இதுல தான் மாட்டுவாங்க. இரண்டாவது அமைப்பு வெளிச்சத்த வாங்கி ஒரு எலக்ட்ரான தள்ளி விட்டுடும், அந்த எடத்த நிரப்ப தண்ணிய ஒடச்சி எலக்ட்ரான் எடுத்துக்கும். தண்ணி ஒடையறது லூமன் பக்கம், அதனால ஆக்சிஜன் வெளிய போனாலும் புரோட்டான் உள்ளயே தங்கிடுது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நாலு புரோட்டான். இன்னொரு பக்கம், தள்ளி விட்ட எலக்ட்ரான பிளாஸ்டோகுயினோன்னு ஒரு சுமைதூக்கி மூலக்கூறு வாங்கும்போது ஸ்ட்ரோமாவுல இருந்து புரோட்டானையும் சேர்த்து அள்ளிக்கும், சவ்வுக்குள்ள நீந்தி போயி சைட்டோகுரோம் பி6எஃப்னு சவ்வுல இருக்கற புரத கூட்டத்துகிட்ட எலக்ட்ரான குடுத்துட்டு புரோட்டான லூமன்ல கொட்டிடும். அப்பறம் எலக்ட்ரான் பிளாஸ்டோசயனின் வழியா ஒண்ணாவது அமைப்புக்கு போகும், அங்க மறுபடி வெளிச்சம் ஒரு உந்து உந்தும், ஃபெரிடாக்சின்னு ஒரு புரதம், கடைசியில என்ஏடிபிஎச், இது ஏடிபி இல்ல, எலக்ட்ரான சுமக்கற வேற மூலக்கூறு. இந்த கதையில எங்கயுமே ஏடிபி வரல பாருங்க. எலக்ட்ரான் பாட்டுக்கு போகுது, போற வழியில புரோட்டான் உள்ள சேருது. சேர்ந்தது வெளிய வர ஒரே நல்ல வாசல் ஏடிபி சின்தேஸ், நான் மேல சொன்ன ஏடிபி செய்யற மிஷின். நாலு புரோட்டான் வெளிய வந்தா ஒரு ஏடிபி.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 7, காலை 6.15

ஏடிபி, டைபாஸ்பேட்னு ஏன் மாத்தி மாத்தி எழுதறீங்கன்னு ஒருத்தர். மூணு பாஸ்பேட் இருக்கறதும் ரெண்டு பாஸ்பேட் இருக்கறதும் தமிழ்ல எழுதினா ரெண்டுமே "ஏடிபி"ன்னு தான் வருது. போர்டுல எழுதும்போதே இந்த தொல்லை இருந்துச்சி, அதான் இங்க்லீஷ் எழுத்துல போட்டு ஓட்டுவோம். இந்த இழையில ஏடிபின்னா மூணு பாஸ்பேட், டைபாஸ்பேட்னா ரெண்டு. அந்த மூணாவத ஒட்ட வைக்கற செலவுக்கு தான் இவ்ளோ பாடும்.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 8, இரவு 8.30

தோட்டத்துல இருந்து இப்ப தான் வந்தேன். ஓசூர்ல இருந்து ஒரு பையன் உதாரணம் கேட்டிருக்கான். நான் கிளாஸ்ல எப்பவும் சொல்றது மேட்டூர் அணை. பென்னாகரம் பக்கத்து பசங்களுக்கு அந்த தண்ணி தேங்கி நிக்கறது தெரியும். மழை தண்ணிய மேல கொண்டு போயிடுச்சி, அணை தேக்கி வச்சிருக்கு, கீழ இறங்கும்போது டர்பைன் சுத்துது, கரண்ட் வருது. டர்பைனுக்கு மழைய பத்தி கவலை இல்ல. மழை தான் இங்க வெளிச்சம், தேங்கின தண்ணி புரோட்டான், டர்பைன் ஏடிபி சின்தேஸ்.

சும்மா டர்பைன் மாதிரின்னு சொல்லல, அது நெஜமாவே சுத்துது. சவ்வுக்குள்ள ஒரு வளையம், அது நடுவுல இருந்து ஒரு அச்சு மேல போகுது, புரோட்டான் ஒவ்வொண்ணா ஏறி எறங்கும்போது வளையம் சுத்தும், அச்சு சுத்தும், மேல இருக்கற மூணு பொந்துல அச்சு போயி இடிக்க இடிக்க ஒண்ணுல டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ள வரும், ஒண்ணுல சேரும், ஒண்ணுல ஏடிபி வெளிய விழும். பாயர் இப்படி தான் இருக்கும்னு சொன்னார், வாக்கர் அமைப்ப படம் புடிச்சார், 1997ல நோபல். அதே வருஷம் ஜப்பான்ல நோஜி, யோஷிடா, கினோசிட்டா குழு ஒரு பாக்டீரியாவோட மிஷின எடுத்து கண்ணாடியில ஒட்டி, அச்சு மேல ஒளிர்ற ஆக்டின்ற புரத நூல் ஒண்ண கட்டி விட்டு, ஏடிபி ஊத்தினாங்க. நூல் காத்தாடி மாதிரி சுத்தறத மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. புரோட்டான் இல்லாம ஏடிபிய செலவு பண்ணி எதிர்ப்பக்கமா ஓட விட்டது அது, ஆனா சுத்துதுன்றது கண்ணால தெரிஞ்சி போச்சு.

கேஆர்பி டேம் கதையும் இதுல ஒண்ணு இருக்கு. 2017 நவம்பர் கடைசியில ஷட்டர் உடைஞ்சி தண்ணி அது பாட்டுக்கு தென்பெண்ணையில போச்சே, நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குளோரோபிளாஸ்ட்லயும் அப்படி ஷட்டர ஒடைக்கற மருந்துங்க இருக்கு. அம்மோனியாவே போதும், லேப்ல பிரிச்சி எடுத்த தைலகாய்டுல போட்டா சவ்வ தாண்டி உள்ள போயி புரோட்டான புடிச்சி அம்மோனியமா ஆயிடும், உள்ள நெறைய வெளிய கம்மின்ற அந்த சரிவு காலி. வெளிச்சம் இருக்கு, எலக்ட்ரான் முன்னவிட வேகமா ஓடுது, ஆக்சிஜன் வருது, ஏடிபி மட்டும் இல்ல. எலக்ட்ரான் ஓட்டம் வேற, ஏடிபி வேற, நடுவுல ஒரு சரிவு இருக்குன்னு நம்ப வைக்க இதவிட நல்ல சாட்சி இல்ல.

உடனே யூரியா போட்டா இலைக்கு கெடுதலான்னு கேட்காதீங்க. இலைக்குள்ள வர்ற அம்மோனியாவ குளூட்டமின் சின்தடேஸ்னு ஒரு நொதி அப்பப்ப அள்ளி குளூட்டமினா மாத்திகிட்டே இருக்கும்.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 9, மதியம் 2.10

கல்லூரியில பாடம் எடுக்கற ஒரு அம்மா என் கணக்க திருத்தியிருக்காங்க. 6ம் தேதி நாலு புரோட்டானுக்கு ஒரு ஏடிபின்னு எழுதினது தப்பு. வருஷக்கணக்கா அப்படியே சொல்லி பழகிட்டேன். சரியான கணக்கு இது.

பசலைக்கீரை குளோரோபிளாஸ்ட் வளையத்துல 14 துண்டு இருக்கு. ஒரு துண்டுக்கு ஒரு புரோட்டான், ஒரு முழு சுத்துக்கு 14. ஒரு சுத்துல 3 ஏடிபி. ஆக ஒரு ஏடிபிக்கு 14ஐ 3ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4.67. மத்த பக்கம், ஒரு ஆக்சிஜன் வெளிய வர நாலு எலக்ட்ரான் ஓடணும், தண்ணி ஒடைஞ்சதுல 4 புரோட்டான், பி6எஃப் வழியா 8, மொத்தம் 12. 12க்கு சுமார் 2.57 ஏடிபி, கூட 2 என்ஏடிபிஎச்.

காத்துல இருக்கற கார்பன்டைஆக்சைட சர்க்கரையாக்கற கால்வின் சுழற்சிக்கு ஒரு கார்பன்டைஆக்சைடுக்கு 3 ஏடிபி, 2 என்ஏடிபிஎச் வேணும். 2.57 எங்க, 3 எங்க. பத்தல! நான் பழைய கணக்குல 12ஐ 4ஆல வகுத்து மூணுன்னு அழகா முடிச்சி வச்சிருந்தேன், பசங்களும் நிம்மதியா எழுதிட்டு போனாங்க, ஆனா செடி அப்படி நிம்மதியா இல்ல. அது அந்த குறைய சரிக்கட்ட ஒண்ணாவது அமைப்புல இருந்து வர்ற எலக்ட்ரான்ல கொஞ்சத்த என்ஏடிபிக்கு விடாம திருப்பி பிளாஸ்டோகுயினோனுக்கே அனுப்புது. சுத்தி சுத்தி வரும், தண்ணி ஒடையாது, ஆக்சிஜன் வராது, என்ஏடிபிஎச் வராது, புரோட்டான் மட்டும் உள்ள சேரும், ஏடிபி மட்டும் கூடும். "சுழல் ஒளி பாஸ்பரிகரணம்"னு புக்ல தனி தலைப்பா இருக்கே, எதுக்குன்னு தெரியாம மனப்பாடம் பண்ணோமே, இதுக்கு தான். நம்ம பக்கம் போடற மக்காச்சோளத்துல இது இன்னும் ஜாஸ்தி, அதோட இலை நரம்ப சுத்தி இருக்கற கற்றை உறை செல்லுங்கள்ல இரண்டாவது அமைப்பு ரொம்ப கம்மி, அங்க பெரும்பாலும் இந்த சுழல் ஓட்டம் தான். மக்காச்சோளம் மாதிரியே கேழ்வரகும் சி4ன்ற ஒளிச்சேர்க்கை முறை தான், ஆனா அது அதுல வேற வகை, அதுல கற்றை உறை குளோரோபிளாஸ்ட்லயும் தைலகாய்டு அடுக்கு நல்லா இருக்கும், ரெண்டையும் ஒண்ணா சேர்த்து சொல்லக்கூடாது.

அந்த அம்மாவுக்கு நன்றி. இத்தன வருஷம் நான் தப்பா சொல்லிக்குடுத்த பசங்க எத்தனை பேரோ, அது மனசுல உறுத்துது.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 11, இரவு 11.40

தூக்கம் வரல. அணை உதாரணத்த வாபஸ் வாங்கறேன். பாதியாவது வாங்கறேன்.

சாயங்காலம் ஒரு கணக்கு போட்டேன். ஒரு தைலகாய்டு தட்டு சுமார் 500 நானோமீட்டர் அகலம், உள்ள இருக்கற இடம் ஒரு 5 நானோமீட்டர் ஒசரம்னு வைங்க. பிஎச் 6ல அதுக்குள்ள எத்தன புரோட்டான் தனியா திரியும்? விடை ஒண்ணுக்கும் கம்மியா வந்துச்சி. திரும்ப போட்டேன். அதே தான். பிஎச் 5.5க்கு போனாலும் ரெண்டு. மூணு ஏடிபிக்கே 14 புரோட்டான் வேணும், அணையில இருக்கறது ரெண்டு சொட்டு!

அப்ப மீதி எங்க இருக்குன்னா, லூமன் பக்கம் இருக்கற புரதங்களோட அமில கூட்டங்கள்ல ஒட்டிகிட்டு இருக்கு. ஒண்ணு வெளிய போக போக ஒட்டினது கழண்டு வருது. இது அணை இல்ல, நம்ம ஊரு பாறை கெணறு. எங்க தாத்தா தோண்டின கெணத்துல எட்டி பார்த்தா அடியில முழங்கால் தண்ணி தான் தெரியும், இதுல என்னத்த பாய்க்கறதுன்னு தோணும், ஆனா மோட்டார போட்டா பாறை இடுக்குல இருக்கற ஊத்து வந்துகிட்டே இருக்கும், ஒரு கொல்லை பாய்ஞ்சிடும். கண்ணுக்கு தெரியற தண்ணி கணக்கில்ல, ஊத்து தான் கணக்கு.

இத யோசிச்சதும் 1966 சோதனையில இன்னொண்ணு பளிச்சுனு புரிஞ்சது. அவங்க சக்சினிக் அமிலம் பயன்படுத்தினாங்க. அது சவ்வ தாண்டி உள்ள போயி, உள்ளயே புரோட்டான வச்சிகிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடக்கூடிய அமிலம். அதாவது ஊத்து சேர்த்து வச்சாங்க. வெறும் பிஎச் 4 மட்டும் போதாது, உள்ள விட்டுக்கொடுக்க சரக்கு இருக்கணும். பசங்ககிட்ட பிஎச் நம்பர மட்டும் சொல்லி அமிலத்தோட பேர விட்டுட்டேன், அந்த பேர்ல தான் பாதி விஷயம் இருக்கு.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 12, காலை 7.00

மைட்டோகாண்ட்ரியாவும் இதே தானேன்னு கேட்டவருக்கு: கொள்கை அதே. ஆனா அங்க மின்னழுத்தம் தான் பெரும்பங்கு, பிஎச் வித்தியாசம் சின்னது. குளோரோபிளாஸ்ட்ல புரோட்டான் உள்ள போகும்போது குளோரைடு கூட உள்ள வரும், மக்னீசியம் வெளிய போகும், அதனால மின்னழுத்தம் பெருமளவு அடங்கிடும், பிஎச் வித்தியாசம் தான் முக்கிய பலம். லூமன் 6 பக்கம், ஸ்ட்ரோமா 8 பக்கம். ரெண்டு பிஎச்னா நூறு மடங்கு.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 12, இரவு 9.15

மிட்செல் பேர் வரலையேன்னு குறைபட்டிருக்காங்க, நியாயம். 1961ல பீட்டர் மிட்செல் இந்த சரிவு தான் நடுவுல இருக்குன்னு எழுதினப்ப, அந்த துறையில பெரிய ஆளுங்க எல்லாம் பாஸ்பேட்ட தூக்கிகிட்டு வர்ற ஏதோ ஒரு இடைப்பொருள தேடிகிட்டு இருந்தாங்க. அப்படி ஒரு பொருள் கடைசி வரைக்கும் கெடைக்கல. அவருக்கு ஒடம்பு சரியில்லாம எடின்பர்க் பல்கலைக்கழகத்த விட்டு இங்கிலாந்தோட கோடியில கார்ன்வால் கிராமப்புறத்துல ஒரு பழைய வீட்ட சீர் பண்ணி, ஜெனிஃபர் மாய்லோட சேர்ந்து சின்ன லேப் வச்சிக்கிட்டார். அந்த வீட்ல இருந்தே 1978ல நோபல். ஜேகன்டார்ஃபும் முதல்ல நம்பாதவர் தான், அவர் கையால செஞ்ச சோதனை தான் மிட்செலுக்கு பெரிய பலமா நின்னுச்சி.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 13, மாலை 5.30

களைக்கொல்லி பத்தி கேட்டாங்க, சுருக்கமா. டையூரான் இரண்டாவது அமைப்புல பிளாஸ்டோகுயினோன் உக்கார்ற எடத்த அடைச்சிடும், எலக்ட்ரான் நின்னு போகும், பம்பு நிக்கும். 1966 சோதனையில எலக்ட்ரான் ஓட்டத்த இப்படி அடைச்சாலும் அமிலத்துல ஊறினது ஏடிபி குடுத்துச்சி, ஏன்னா அதுக்கு அந்த ஓட்டமே தேவைப்படல. பாராகுவாட் வேற மாதிரி, ஒண்ணாவது அமைப்புல இருந்து எலக்ட்ரான பிடுங்கி ஆக்சிஜனுக்கு குடுக்கும், அதுல வர்ற விஷ மூலக்கூறு சவ்வையே பொசுக்கும். வெளிச்சம் இருந்தா தான் இந்த வேகம். மூணு வருஷம் முன்ன பக்கத்து கொல்லையில சாயங்காலம் அடிச்சது காத்துல அடிச்சிகிட்டு வந்து என் தக்காளி நாத்துல விழுந்துச்சி. ராத்திரி டார்ச் அடிச்சி பார்த்தேன், ஒண்ணும் தெரியல. மறுநாள் வெயில் ஏறி பத்து மணிக்கெல்லாம் இலை பூரா சுட்ட மாதிரி புள்ளி. அன்னிக்கு நாத்து போன வருத்தத்துல நிக்கும்போதே, வெளிச்சத்துக்காக ராத்திரி பூரா காத்துகிட்டு இருந்திருக்கே இந்த மருந்துன்னு தான் மனசு போச்சு. மனுஷன் குடிச்சா மாத்து மருந்து இல்லாத விஷம், வீட்ல வைக்காதீங்க.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 16, இரவு 9.00

பொங்கல் முடிஞ்சது. முதல் கேள்விக்கே திரும்ப வரேன், ஏன்னா 6ம் தேதி நான் அவசரப்பட்டு சொன்னதுல பாதி தான் இருக்கு.

"இருட்டுல ஏடிபி பண்ணுமா"ன்றதுக்கு மூணு இருட்டு இருக்கு. ஒண்ணு, லேப்ல அமிலத்துல ஊற வச்ச இருட்டு, அதுல பண்ணும். ரெண்டு, வெளிச்சம் இப்ப தான் அணைஞ்ச இருட்டு. ஹிண்டும் ஜேகன்டார்ஃபும் 1963லயே தைலகாய்டுக்கு முதல்ல வெளிச்சம் காட்டிட்டு, விளக்க அணைச்சிட்டு, அப்பறம் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் போட்டாங்க, கொஞ்சம் ஏடிபி வந்துச்சி, சேர்ந்த சரிவு தீர்ற வரைக்கும். அதுவும் பண்ணும். மூணாவது, மாந்தோப்புல நடுராத்திரி இருட்டு. அதுல பண்ணாது. பண்ணாதது மட்டும் இல்ல, பண்ற மிஷின செடி பூட்டி வச்சிடுது.

ஏன் பூட்டணும்? உள்ள புரோட்டான் இல்லன்னா மிஷின் எதிர்ப்பக்கமா சுத்தி இருக்கற ஏடிபிய ஒடைக்க ஆரம்பிச்சிடும், அந்த ஜப்பான் நூல் சுத்தினதும் அப்படி தானே. அதுக்கு தான் குளோரோபிளாஸ்ட் மிஷினோட அச்சுல ரெண்டு கந்தகம் இருக்கு. வெளிச்சம் போயி கொஞ்ச நேரத்துல ரெண்டும் கை கோர்த்துக்கும், பூட்டு. காலையில ஒண்ணாவது அமைப்புல இருந்து வர்ற எலக்ட்ரான் ஃபெரிடாக்சின், தயோரெடாக்சின்ற புரதங்க வழியா வந்து அந்த கைய பிரிச்சி விடும், தொறக்கும். பூட்டின நிலையிலயும் சரிவு ரொம்ப பெருசா இருந்தா மிஷின் ஓடும், ஊற வச்ச சோதனையில வித்தியாசம் நாலு பிஎச், பத்தாயிரம் மடங்கு.

ஆக மிஷினுக்கு வெளிச்சம் தெரியாதுன்னு நான் சிலிர்த்து எழுதினேனே, அத திருத்திக்கறேன். ஓடறதுக்கு தேவை இல்ல, ஆனா சூரியன் இருக்கா இல்லையான்னு அதுக்கு சேதி வருது. தப்புன்னு அடிச்சவங்க இலைய மனசுல வச்சி அடிச்சிருப்பாங்க, பாப்பா குளோரோபிளாஸ்ட்ட மனசுல வச்சி எழுதியிருப்பா. கேள்வியில "முடியும்"னு இருக்கு. முடியுமான்னு கேட்டா முடியும். அந்த மார்க் அவளுக்கு சேரணும்னு தான் இப்பவும் சொல்வேன்.

காவேரிப்பட்டணம் வாசகி | ஜனவரி 17, இரவு 8.10

அண்ணா, மேல எழுதினது எல்லாத்தையும் அவளே படிச்சிட்டா. ஒரே ஒரு சந்தேகமாம். "அமிலத்துல ஊற வச்சாலே போதும்னா செடிக்கு வெளிச்சமே வேணாமே, புளியஞ்செடி இலையில தான் புளிப்பு இருக்கே"ன்னு கேக்கறா.

பாலக்கோட்டுக்காரன் | ஜனவரி 17, இரவு 8.35

எத்தனையோ பசங்களுக்கு நடத்தியிருக்கேன், இந்த கேள்விய யாரும் கேட்டதில்ல.

பாப்பா, புளிய இலையில இருக்கற புளிப்பு செல்லுக்குள்ள இருக்கற சாறு பை, வேக்குவோல்ல இருக்கு, தைலகாய்டுக்குள்ள இல்ல. அப்படியே உள்ள வச்சாலும் ஊற வச்சது ஒரு வாட்டி தான் ஓடும், சில நொடி, உள்ளயும் வெளியவும் ஒண்ணானதும் நின்னுடும். திரும்ப ஓட வைக்க யாராச்சும் திரும்ப எடுத்து அமிலத்துல போடணும். லேப்ல அந்த யாரோ ஜேகன்டார்ஃப், யூரிபே. இலையில அந்த யாரோ வெளிச்சம். ஓடினதெல்லாம் வெளிய வர வர திரும்ப உள்ள அள்ளி போட்டுகிட்டே இருக்கணும், காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும்.

ஞாயித்துக்கிழம அம்மாவோட பாலக்கோடு வா. வர்ற வழியில வாய்க்கால்ல ஹைட்ரில்லான்ற தண்ணிச்செடி கெடைச்சா ஒரு கைப்பிடி பையில தண்ணியோட எடுத்துட்டு வா. என்கிட்ட சோடா உப்பு இருக்கு, கண்ணாடி புனல் இருக்கு. ஒவ்வொரு குமிழி மேல வரும்போதும் உள்ள எவ்வளோ புரோட்டான் தங்கிச்சின்னு எண்ணுவோம், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நாலுன்னு. பெருக்க நோட்டு கொண்டு வா, நம்பர் ரொம்ப பெருசா வரும்.